பத்தாவது ரிங்

1. முதல் நாள்

இன்கோனல் மிஷினில் என்னை நிறுத்திய முதல் நாள், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டான இன்செர்ட்டை நாலு உடைத்தேன். அதற்கு முன் பதினாறு வருஷம் லேத் ஓட்டியவன் நான். மைல்டு ஸ்டீல், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் எல்லாம் என் கைக்கு அடங்கியவை என்ற திமிர் இருந்தது. இன்கோனல் என்ற இந்த நிக்கல் கலந்த உலோகம் அரை நாளில் அதை இறக்கி வைத்துவிட்டது.

எங்கள் கம்பெனி திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா பக்கம். பெயர் வேண்டாம். எஞ்சினின் சூடான பகுதியில் போடும் சீல் ரிங் ஒன்றுக்கு ஆர்டர் வந்திருந்தது. உள்ளங்கை அகல ரிங். அதைக் கடைந்து, முகத்தை ஃபினிஷ் பண்ணிக் கொடுக்க வேண்டும். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும்.

சாதாரண இரும்பைக் கடையும்போது உண்டாகும் சூட்டில் பெரும்பங்கு சிப் என்கிற சீவலோடு சேர்ந்து வெளியே விழுந்துவிடும். இதில் விழாது. இந்த உலோகம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதனால் சூடு வெட்டும் முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். மற்ற உலோகம் சூடு ஏறினால் இளகிக் கொடுக்கும், இது கொடுக்காது. கொடுக்காது என்பதற்காகத்தானே எஞ்சினில் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, டூல் ஒரு தரம் உரசிய இடம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். டூல் மறுபடி ஓடும் அடுத்த பாஸில் அந்தக் கெட்டித் தோலைத்தான் வெட்டியாக வேண்டும்.

உடைந்த நாலு இன்செர்ட்டையும் மேனேஜர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பதிக்காரர். தெலுங்கும் தமிழும் அவர் வாயில் ஒரே பாஷை.

"இதி உன் பழைய இரும்பு காதய்யா, இது வேற, தாமோதரம். அங்க இங்க போவாத. பக்கத்துலயே நில்லு. சத்தம் மாறிச்சின்னா நிறுத்து. அந்தே, அவ்ளோதான்."

நின்றேன். பதினோரு வருஷம் நின்றேன்.

அந்த மிஷின் தனி அறையில் இருந்தது. அதற்குச் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவத்தை அதிக அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்க வேண்டும், புகை மாதிரி எழும்பும் என்பதால் கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினான்கு பேர். ரேடியோ உண்டு, வம்பு உண்டு, யாருடைய மச்சானுக்கோ பெண் பார்த்த கதை உண்டு. வாய் அசைவது எனக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. டீ கொண்டுவருபவர்கூடக் கதவைத் திறந்து தம்ளரை வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

வீடு நகரியில். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா பவர்லூம் ஓட்டியவர், வயதாகி வீட்டோடு இருந்தார். மனைவியும் மகளும் அவரோடு. காலை ஆறு மணி ஷிப்டுக்கு நகரியிலிருந்து வந்து சேர ரயில் ஒத்துவராது. ரேணிகுண்டாவில் ஒரு ரூம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகரி. ஒரு நாள் முழுக்க நான் மொத்தம் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று வேலையற்றவன் மாதிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழு. அதில் ஆறு டீக்காரரிடம்.

2. பத்து நிமிஷ சிநேகம்

அந்தப் பதினேழில் மீதிப் பதினொன்று முனிரத்தினத்துக்குப் போனவை. அவன் குடிபாலாக்காரன், என் வயசு. அதே மிஷினின் இன்னொரு ஷிப்ட் ஆள். ஒரு வாரம் நான் காலை ஆறிலிருந்து இரண்டு, அவன் இரண்டிலிருந்து பத்து. அடுத்த வாரம் மாறும். நாங்கள் சந்திப்பது ஷிப்ட் மாறும் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் பன்னிரண்டு மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

"துன்னியாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பான்.

"துன்னுட்டேன். நீ?"

"அம்மா கீரை கடைஞ்சி அனுப்பிச்சி. உனக்கும் டப்பால வெச்சிகீது, எடுத்துக்க."

அவனுடைய அம்மா சித்தூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டவர். மார்க்கெட்டில் காலை முதல் வியாபாரத்தைப் போணி என்பார்கள். போணி நல்லபடி ஆனால் அன்றைய நாளும் நன்றாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முனிரத்தினம் மிஷின் ரூமுக்குக் கொண்டுவந்தான்.

"வெறும் ரிஜிஸ்டரைத் தொறந்தா கை ஓட மாட்டேங்குதுப்பா," என்றான் ஒரு நாள். "போம்போது ஒண்ணு எனக்குப் போணி வெச்சிட்டுப் போ. காலை ஷிப்ட் எனக்கு வரும்போது உனக்கு நான் வெக்கிறேன்."

ஒரு ஷிப்டுக்கு ஒன்பது ரிங் கணக்கு. கொஞ்சம் முனைந்தால் பத்தாவதும் முடியும். அந்தப் பத்தாவதைக் காலை ஷிப்ட் ஆள் தன் பெயரில் எழுத மாட்டான். முடித்து மேஜைமேல் வைத்துவிடுவான். வருகிறவன் ரிஜிஸ்டரைத் திறந்து, அதன் நம்பரைத் தன் முதல் ரிங்காக எழுதிக் கையெழுத்துப் போடுவான். அவ்வளவுதான் போணி. சட்டப்படி பார்த்தால் பொய்க் கணக்கு. எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை. கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வைத்துவிட்டுப் போகிற பிரியமாகத்தான் தோன்றியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு இன்செர்ட்டுக்கு நாலு முனை. அதைக் கார்னர் என்போம். ஒரு கார்னரில் மூன்று ரிங்தான் ஃபினிஷ் பண்ணலாம், பிறகு திருப்பிவிட வேண்டும் என்று ப்ராசஸ் ஷீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. ஒன்பது ரிங்குக்கு மூன்று கார்னர். பத்தாவதுக்கு நியாயப்படி புதுக் கார்னர் திருப்ப வேண்டும்.

நான் திருப்பவில்லை. மூன்றாவது கார்னரிலேயே நாலாவது ரிங்காக அதை ஓட்டினேன். இரண்டு காரணம். முனிரத்தினம் வரும்போது தொடாத புதுக் கார்னர் இருக்கட்டும் என்பது வெளியே சொல்லக்கூடிய காரணம். யார் எத்தனை செலவழித்தார்கள் என்று சுவரில் மாட்டியிருந்த இன்செர்ட் சார்ட்டில் என் பெயருக்கு எதிரே எப்போதும் குறைந்த எண் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

அந்தப் பத்தாவது ரிங் எப்படி வரும் தெரியுமா? கண்ணாடி மாதிரி. மேற்பரப்பின் சொரசொரப்பை ஆர்.ஏ. என்று அளப்போம். மீட்டரின் ஊசி ரிங்கின் முகத்தில் மெதுவாக ஊர்ந்து ஒரு எண்ணைக் காட்டும், எண் குறையக் குறைய வழவழப்பு கூடுதல். எங்களுக்கு வரம்பு 0.8. வழக்கமான ரிங் 0.6 காட்டும். என் பத்தாவது ரிங் 0.35 காட்டும். என்னுடைய மிக நல்ல ரிங்கை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

முனிரத்தினம் காலை ஷிப்டில் இருக்கும் வாரங்களில் அவன் எனக்கு வைக்கும் போணி சாதாரண 0.6-தான். மிஷினிலும் ஒரு ரிங் ஓட்டிய கார்னர்தான் இருக்கும்.

"இன்னாப்பா, எச்சி கார்னர வெச்சிட்டுப் போற?" என்பேன். "போணியும் மங்கலா கீது. என்னுதப் பாரு, மூஞ்சி தெரியுது."

"தெரியுதுப்பா. அது உன் கைராசி," என்று சிரித்துவிட்டுப் போவான். ப்ராசஸ் ஷீட்டை அவன் ஒரு தரமும் சுட்டிக்காட்டியதில்லை.

3. வெட்டிப் பார்த்தார்கள்

கஸ்டமர் எங்கள் ரிங்குகளை எஞ்சினில் போடுவதற்கு முன், ஸ்டோரிலிருந்து சிலவற்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய துண்டைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, ஆசிட்டில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பார்த்ததும் லாட் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். துண்டுகள் எங்கள் குவாலிட்டி மேடத்துக்கு வந்தன. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேல ஃபினிஷ் ஃபர்ஸ்ட் கிளாஸ். லோபல சூடண்டி, உள்ள பாருங்க," என்றார்.

பார்த்தேன். உலோகத்துக்குள் மணி மணியாகக் கட்டங்கள் தெரியும். நல்ல ரிங்கில் அவை விளிம்பு வரை ஒழுங்காக இருந்தன. இந்த ரிங்கில் விளிம்புக்குப் பக்கத்தில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுபட்டிருந்தன. அதற்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் மயிரிழை அளவுக்குக் கிழிசல்.

"முனை மழுங்கிப்போயிடுச்சி. வெட்டல, தேய்ச்சிருக்கு," என்றார் மேடம். "சூட்டுல மேல்தோல் இழுபட்டு, கிழிசலெல்லாம் மூடிக்கினு, மேல பளபளன்னு ஆயிடுச்சி. மீட்டர் ஊசிக்கு மேல்தோல்தானே தெரியும்? இது எஞ்சின் சூட்டுல ஓடினா கிராக் இங்கேயிருந்துதான் ஸ்டார்ட் ஆவும்."

பிறகு லிஸ்ட்டைக் காட்டினார். ஆறு ரிங். ஆறும் முனிரத்தினம் பெயரில். ஆறும் அவனுடைய ஷிப்டின் முதல் ரிங்.

ஆறும் என் பத்தாவது ரிங்குகள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவத்தின் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"சோறு துன்னுட்டு வந்த மயக்கத்துலயே மிஷின ஆன் பண்றியா? செப்பு. மொத ரிங் மட்டும் எப்படிய்யா இப்படி வருது?"

முனிரத்தினம் லிஸ்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான்.

"என் கையெழுத்துதான் சார்," என்றான். "எப்படி ஆச்சின்னு தெரியல."

அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். அதுவரை அவனை மிஷினிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆடிட் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று ஷாப் முழுக்கப் பேச்சு.

4. நாலு நாள்

அந்த நாலு நாளில் நான் என்ன செய்தேன் என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒன்றும் செய்யவில்லை.

சித்தூரில் கம்பெனிக்கு இரண்டாவது யூனிட் வரப்போகிறது, இன்கோனல் செக்‌ஷனுக்கு என்னை இன்சார்ஜாகப் போடப்போகிறார்கள் என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கே வீடு கொடுப்பார்கள். மனைவி, மகள், நைனா எல்லோரும் வந்துவிடலாம். ரூமில் ஒற்றை ஆளாகச் சோறு வடிப்பது முடிந்துபோகும். எனக்குப் பதவி ஆசையைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது. ஆனால் அது தப்பைக் குறைக்காது.

பெஞ்ச் என் கண்ணாடிக்கு நேர் எதிரே. முனிரத்தினம் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஃபைலால் தேய்த்துக்கொண்டிருப்பான். பழி விழுந்தவனிடம் பேசினால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது போல மற்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எட்டு மணி நேரம் அந்த முதுகைப் பார்த்தபடி மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் கோடி டேபிளுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வேகமாகத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். அவன் வாயைத் திறந்தால் ஆமாம் என்று சொல்லிவிடலாம், அதுவரை பொறுக்கலாம் என்றும் நினைத்தேன். அவன் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, மிஷினை ஆன் செய்யாமல் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். குவாலிட்டி மேடமும் இருந்தார். போணி வைப்பதைச் சொன்னேன். மூன்றுக்குப் பதில் நாலு ஓட்டியதைச் சொன்னேன். இன்செர்ட் சார்ட்டைச் சொன்னேன். நம்பாவிட்டால் இப்போதே ஒரு கார்னரில் நாலு ரிங் ஓட்டித் தருகிறேன், வெட்டிப் பாருங்கள் என்றேன்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாலு நாளா வாயில இன்னாய்யா வெச்சிக்கினு இருந்த?" என்றார்.

மிஷின் ரூமுக்குப் போய்ப் புதுக் கார்னரைத் திருப்பினேன்.

நாலு ரிங் ஓட்டினேன். வெட்டினார்கள். முதல் மூன்றும் சுத்தம். நாலாவது கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே அதே வெள்ளைக் கோடு.

மேடம் அதோடு விடவில்லை. என் பெயரில் எழுதியிருந்த, முனிரத்தினம் எனக்கு வைத்த போணி ரிங்குகள் மூன்றை வரவழைத்து வெட்டினார். மூன்றும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. அவன் ஒவ்வொரு தடவையும் புதுக் கார்னர் திருப்பித்தான் எனக்குப் போணி வைத்திருக்கிறான். நான் எச்சில் கார்னர் என்று கேலி பண்ணியது அந்தக் கார்னரைத்தான். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அழுதேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆடிட்டில் எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். என் பத்தாவது ரிங்குகள் அத்தனையையும் பொறுக்கி எடுத்து ஒதுக்கினார்கள். எனக்கு வார்னிங் லெட்டர். சித்தூர் யூனிட்டுக்கு வேறு ஆள் போனார். ஆனால் வினோதம் பாருங்கள், ஷாப்பில் என்னை மெச்சினார்கள். தானாக வந்து ஒத்துக்கொண்ட யோக்கியன் என்றார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து கை கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

முனிரத்தினத்தை மறுபடி மிஷினில் போட்டார்கள். பத்து நாள் ஓட்டினான். ஷிப்ட் மாறும்போது ரிஜிஸ்டரைப் பார்த்து மிஷின் நிலவரம் சொல்வான், நானும் சொல்வேன். மேஜையில் ரிங்கும் இல்லை, கீரை டப்பாவும் இல்லை. பதினோராம் நாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

5. பங்காருபாளையம்

பங்காருபாளையம் பக்கம், மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு ஸ்டெயின்லெஸ் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் அவன் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாம்பழ சீசன். ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகள், டிராக்டர்கள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"வாங்க," என்றான். "உக்காருங்க. சாப்டீங்களா?"

அவன் என்னை அதுவரை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான். மாம்பழ ஜூஸ் வரவழைத்தான். வேலை எப்படி, நைனா எப்படி என்று ஒன்று விடாமல் விசாரித்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"என்னைத் திட்டிடுப்பா," என்றேன். "என்னாலதான் இவ்ளோ பட்ட."

"திட்ட இன்னா கீது? ரிங்கு எல்லார் கையிலயும்தான் கெட்டுப்போவுது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"லிஸ்ட்டப் பாத்த நிமிஷமே தெரியும். ஆறும் நீங்க வெச்ச போணி."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே, ரத்னம்?"

அவன் லாரிகள் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். மொத நாள் சாயங்காலம் பெஞ்சாண்ட வருவீங்கன்னு பாத்தேன். கம்பெனில சொல்லக்கூட வேணாம், எங்கிட்ட வந்து சொன்னா போதும்னு இருந்தேன். ரெண்டாம் நாள் கேண்டீன்ல பக்கத்து சேர்ல டிபன் பாக்ஸ வெச்சி உங்களுக்கு எடம் புடிச்சேன். மூணாம் நாளும் புடிச்சேன். நாலாம் நாள் புடிக்கல."

கேண்டீனில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாது. ஜூஸைக் குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் வரும் வரை கூடவே நின்று, ஏற்றிவிட்டுத்தான் போனான்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் அதே கண்ணாடி அறையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றேன். எதிர் ஷிப்டுக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். யாரோடும் அந்தப் பத்து நிமிஷம் அமையவில்லை. ஷிப்ட் முடிந்தால் நேரே ரூமுக்குப் போய்ச் சோறு வடிப்பேன்.

இந்த உலோகத்தைத் தொடப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று ரிங் என்று எழுதியிருந்தால் மூன்றோடு கார்னரைத் திருப்புங்கள். ரிங் வழக்கத்தைவிட அதிகமாக மின்னினால் சந்தோஷப்படாதீர்கள், வெட்டிப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே, அந்த ஷிப்டிலேயே, முதலில் பழி சுமக்கிறவனிடம் போய்ச் சொல்லுங்கள். நான் ஐந்தாம் நாள் சொன்னேன். கம்பெனிக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்து சேரில் இடம் பிடித்து வைத்தவனுக்குப் போதவில்லை.